பஞ்செலி தூங்கும் வீடு

பிஸ்கட் டப்பாவுக்குள் காய்ந்த புல்லும், புல்லுக்கு நடுவே எலுமிச்சம்பழ அளவில் சாம்பல் நிறப் பஞ்சு உருண்டை ஒன்றும் இருந்தன. உருண்டை ஒருமுறை மூச்சு விட்டது. அடுத்த மூச்சு வருவதற்குள் வனவிலங்குத் துறையின் மதிப்பீட்டு அதிகாரி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டுவிட்டார்.

"பஞ்செலி சார்," என்றார் மலையிலிருந்து அதைக் கொண்டுவந்த வனக்காவலர். "குவாரிக்குப் பாதை வெட்டுறப்ப வளை ரெண்டாப் பொளந்துடுச்சு. இது உள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. இப்படியே வெளியில விட்டா கழுகு தூக்கிட்டுப் போயிடும். மூணு மாசம் போனா தானா எழுந்துக்கும்."

"அதுவரைக்கும்?"

"சார்தான் பாத்துக்கணும். ஃபைல் உங்ககிட்டதானே இருக்கு."

ஃபைல் அவரிடம்தான் இருந்தது. பஞ்செலியை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்துச் சட்டப் பாதுகாப்பு கொடுக்க வேண்டும் என்று யாரோ மனுப் போட்டிருந்தார்கள். தொண்ணூறு நாளுக்குள் 'தேவை' அல்லது 'தேவையில்லை' என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் மனு தானாகத் தள்ளுபடியாகும். கல்குவாரி மலை உச்சிவரை ஏறிவிடும். நாற்பத்து நான்கு நாள் ஓடிவிட்டது.

இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் எந்த ஃபைலிலும் ஆம் என்றோ இல்லை என்றோ எழுதியதில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதுவார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பரிசீலனை. சோம்பேறி என்று சொல்ல முடியாது. இரண்டு பக்க நியாயமும் அவருக்குப் புரிந்துவிடும், அதுதான் கோளாறு. ஐந்து வருடத்துக்கு முன் முந்நூறு வளைகள் இருந்தன, இந்த வருடம் முப்பத்தொன்றுதான் என்றது மனு. பஞ்செலி வருடத்தில் ஏழு மாதம் மண்ணுக்குள் தூங்கும் பிராணி, கண்ணில் படவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடுமா என்று கேட்டார் குவாரி வக்கீல். இரண்டும் சரிதான் என்று பட்டது அவருக்கு.

அலுவலகத்தில் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியில் மனிதருக்கே தலை சுற்றியது; வேலை முடியும்வரை வாரம் ஒரு நாள் வந்தால் போதும், மற்ற நாள் வீட்டிலிருந்தே ஃபைல் பார்க்கலாம் என்று உத்தரவு. அதனால் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பஸ் ஏறினார். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரைக் கேட்டுச் சாயங்காலம் போன் பண்ணுவதாகக் காவலர் சொல்லியிருந்தார்.

அவர் வீடு ஒரு எலி நிம்மதியாகத் தூங்கக்கூடிய வீடு அல்ல. மனைவி பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. நாற்பத்து மூன்று பிள்ளைகள். நாலு மணிக்குப் பள்ளி விட்டாலும் அவள் காதுக்குள் ஏழு மணிவரை வகுப்பு நடந்துகொண்டிருக்கும். அவளுடைய அண்ணன், ரயில் நிலையத்தில் முப்பது வருடம் வண்டி வரவை அறிவித்து ஓய்வு பெற்றவர், ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து ஏழு மாதமாகியிருந்தது. காப்பி கேட்டால்கூட மூன்றாவது பிளாட்பாரம்வரை கேட்கும். டிவியைத் தன் குரலுக்குச் சமமாக வைத்துக்கொள்வார். போதாததற்கு, அதிகாரிக்கு எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். தினமும் சாயங்காலம் கூடத்தில் நடந்துகொண்டே ஃபைலை உரக்கப் படிப்பார்.

காவலரின் போன் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். மனைவிதான் எடுத்துப் பேசினாள். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் ரிசீவரை வைத்துவிட்டு நின்றிருந்தாள். டிவியில் நாலு பேர் ஒரே சமயத்தில் சண்டை போட, அவள் அண்ணன் நாலு பேருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அண்ணனைப் பார்த்தாள். புருஷன் படிப்பதற்காக மேசையில் எடுத்து வைத்திருந்த ஃபைலைப் பார்த்தாள். போய் டிவியை அணைத்தாள்.

"இருட்டா இருக்கணுமாம், குளுகுளுன்னு இருக்கணுமாம்," என்றாள் மிக மெதுவாக. "சத்தமே கூடாதாம். பொட்டுச் சத்தம் கேட்டாலும் முழிச்சுக்குமாம். முழிச்சா உடம்புல சேத்து வச்ச கொழுப்பெல்லாம் கரைஞ்சு ரெண்டே நாள்ல உயிர் போயிடுமாம்."

அதிகாரியின் கையிலிருந்த துண்டு நழுவியது. துண்டு விழுந்த சத்தத்துக்கே அவர் பதறிப்போனார்.

வீட்டிலேயே இருட்டும் குளிர்ச்சியுமான இடம் மச்சான் அறையின் சுவர் அலமாரி. டப்பா அதன் கீழ்த்தட்டில் குடியேறியது, மச்சான் கூடத்துக்குக் குடிபெயர்ந்தார். அவரை மெதுவாகப் பேசச் சொன்னார்கள். அவரும் மனசாரத்தான் கிசுகிசுத்தார். எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. மறுநாள் மனைவி பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டும் இரண்டு பலப்பமும் கொண்டுவந்து அண்ணன் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து அவர் எழுத்தில் பேசினார். 'இரவு உணவு இன்னும் இருபது நிமிடத்தில் மேசைக்கு வந்துசேரும்.' 'குளியலறை காலியாக உள்ளது. பயணிகள் பயன்படுத்திக்கொள்ளலாம்.'

குக்கர் விசில் அடிக்கும் என்பதால் அடுப்பில் திறந்த பானை ஏறியது. சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானது. அழைப்பு மணியின் கம்பியை அதிகாரி பிடுங்கிவிட்டார். அலுவலகத்திலிருந்து வந்த பதிவுத் தபால்கள் மூன்று, வீட்டில் ஆளில்லை என்ற குறிப்போடு திரும்பிப் போயின. போனைத் தலையணை உறைக்குள் திணித்து மெத்தைப் பெட்டிக்குள் வைத்தார். இயக்குநர் மேடம் பதினொரு முறை கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்கிறதே என்று மச்சான் தன் பங்குக்கு அதை நிறுத்தி வைத்தார். அதிகாரி இரண்டு நாள் பதினோரு மணிக்கு அலுவலகம் போனார். நியாயமாகவே அலுவலகத்தில் பேச்சுக் கிளம்பியது. பரிசீலனை ஆள் அகப்படாமல் திரிகிறார், கெடு தாண்டட்டும் என்று குவாரிக்காரர்களுக்காகப் பதுங்குகிறார் என்றார்கள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்குள் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது.

சத்தம் வடிந்த பிறகுதான் அந்த வீட்டில் என்னவெல்லாம் இருந்தது என்று தெரிய வந்தது. திரைச்சீலை மூச்சு விடுவதுபோல உள்ளே வந்து வெளியே போனது. மத்தியான வெயில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு நகர்ந்து போவதை உட்கார்ந்து பார்க்க முடிந்தது. பானையில் சாப்பாடு வேகும் அந்த ஒரு மணி நேரம் புருஷனும் பெண்டாட்டியும் பின்வாசல் படியில் உட்கார்ந்தார்கள். கிசுகிசுக்க வேண்டுமென்றால் தலையோடு தலை நெருங்க வேண்டும். அப்படி நெருங்கிப் பேசிப் பதினைந்து வருடம் இருக்கும். அவள் வாய்க்குள்ளேயே சிரிப்பது தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அந்தச் சத்தம்போல இருந்தது. அவருக்கு அது புதிதாகத் தெரிந்தது. அவள் கதவு நிலையில் சாய்ந்தபடி தூங்கிப்போவாள். அவரும் தூங்குவார். கனவில் ஒரு மலை முழுக்கப் புல்லாக இருக்கும். புல்லுக்கு அடியில் யாரோ மெல்லப் புரண்டு படுப்பார்கள்.

கெடுவின் எண்பத்து நாலாம் நாள் இயக்குநர் மேடமே நேரில் வந்துவிட்டார். துறையில் அவர் குரலுக்குப் பயந்து ஜன்னல் கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்ளும் என்பார்கள். வழக்கம்போல உரக்க ஆரம்பிக்க வாயைத் திறந்தார். மச்சான் சிலேட்டை நீட்டினார்: 'காலணிகளைக் கழற்றிவிட்டு ஓசையின்றி உள்ளே வரவும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

மேடம் திகைத்துப்போய் செருப்பைக் கழற்றினார். சோபாவில் உட்கார்ந்தார். அதிகாரி அருகில் குனிந்து, அலமாரி விஷயத்தைக் காதோடு சொன்னார். அவர் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடத்தின் தலை சாய்ந்துவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து விழித்தபோது யாரோ அவருக்கு ஒரு போர்வை போர்த்தியிருந்தார்கள்.

"எனக்குப் பகல்ல தூக்கம் வந்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா," என்றார் மேடம், அவரும் கிசுகிசுப்பாகவே. வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "இந்தத் தடவை பரிசீலனை கிரிசீலனைன்னு எழுதக்கூடாது. புரியுதா."

வாய்விட்டுப் படிக்க முடியாமல் போனதில் அதிகாரிக்கு ஒரு லாபம் இருந்தது. தன் குரல் இல்லாமல் ஃபைலைப் படித்தபோது அதில் இருப்பது மட்டும் தெரிந்தது. காவலரிடம் முப்பத்தொரு வளைகளையும் கலைக்காமல் பார்த்துவரச் சொன்னார். உள்ளே எலி இருந்தால், தூங்கப் போகுமுன் வாய்ப்பக்கம் புல் அடைத்திருக்கும். பத்தொன்பதில்தான் அடைத்திருந்தது என்று தகவல் வந்தது.

எண்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அவர் அலமாரியை நாலு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். பஞ்சு உருண்டை ஒரு மூச்சு விட்டது. பிறகு இல்லாமலே போய்விட்டது போலக் கிடந்தது. அவர் காத்திருந்தார். தன் மூச்சையும் அடக்கிக்கொண்டிருப்பது வெகு நேரம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. இல்லாததற்கும் தூங்குவதற்கும் நடுவே இருப்பது ஒரு மூச்சுதான். அது வருகிறதா என்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் உண்டு. வக்கீல் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார். இத்தனை வருடமாகத் தானும் உட்காரவில்லை.

அடுத்த மூச்சு வந்தது. அவர் பேனாவை எடுத்து, 'பாதுகாப்பு தேவை' என்று எழுதினார். எழுதியது யாரோ என்று சந்தேகப்பட்டவர்போலக் கையெழுத்தை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தார்.

எழுதிய வேகத்தில் பாதுகாப்பு நிபந்தனைகளையும் எழுதினார். முதல் நிபந்தனை, சத்தம் கூடாது. மலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு வெடி, ஹார்ன், ஒலிபெருக்கி எதுவும் கூடாது. ஆதாரம் என்ன என்று மேடம் கேட்டார். நாற்பத்தைந்து நாளாகத் தன் வீட்டில் ஊசி விழும் சத்தம்கூட இல்லை, எலி அசையவில்லை, இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்றார் அதிகாரி. மேடத்துக்கு அந்த சோபா ஞாபகம் வந்திருக்க வேண்டும். உடனே கையெழுத்துப் போட்டார்.

அரசாணை வந்தது. குவாரி மூடிக்கொண்டது. மலைப்பாதை பஸ்கள் ஹார்ன் அடிக்காமல், வளைவுக்கு வளைவு நடத்துநர் இறங்கி முன்னால் நடந்து கொடி காட்டிப் போயின. அடிவாரப் பள்ளியில் மணிக்குப் பதிலாகத் தலைமையாசிரியர் வராந்தாவில் ஒரு சிவப்புத் துணியை அசைத்தார். குவாரி வக்கீல் மேல்முறையீடு செய்தார். சத்தத்தால் கெடுதல் உண்டா என்பது ஒன்றுதான் அவருடைய கேள்வி. அதிகாரி அதற்குப் பதினான்கு பக்கத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். 'என் சொந்த அனுபவத்தில் நான் உறுதியாக அறிந்தது' என்று ஆரம்பித்திருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் உறுதியாக எதையும் அறிந்ததாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அலுவலகத்தில் பரிசீலனை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

விழிக்கும் பருவம் நெருங்கியதும் பஞ்செலியை மலைக்குக் கொண்டுபோகக் காவலர் வந்தார். கையில் பெரிய இரும்புக் கூண்டு. வீட்டார் மூவரும் வெறுங்காலோடு அவரை அலமாரிவரை அழைத்துப் போனார்கள். மச்சான் சிலேட்டில், 'மலைக்குச் செல்லும் வண்டி புறப்படத் தயாராக உள்ளது' என்று எழுதி வைத்திருந்தார். அதிகாரி அலமாரிக் கதவை அங்குலம் அங்குலமாகத் திறந்தார்.

காவலருக்குக் கை வழுக்கியது. கூண்டு தரையில் விழுந்து, உருண்டு, இரும்புக் கட்டிலின் காலில் மோதியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது.

அதிகாரி கண்ணை இறுக மூடிக்கொண்டார். மச்சான் சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மனைவி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே ஏதோ முக்கியமாக நடப்பதைப்போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு நிமிடம் கழித்து அதிகாரி மெல்லக் கண்ணைத் திறந்து டப்பாவுக்குள் பார்த்தார். பஞ்சு உருண்டை இருந்த இடத்தில் இருந்தது. நிதானமாக ஒரு மூச்சு விட்டது.

"எழுந்துக்கலையே," என்றார் அவர், குரலே வெளிவராமல்.

காவலர் கூண்டை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "அதெப்படி சார் எழுந்துக்கும், தூங்குறப்ப இதுக்குக் காதே கேக்காது, டிவியெல்லாம் தாராளமா போட்டுக்கலாம்னு டாக்டர் சொன்னதை அன்னிக்கே அம்மாகிட்ட ரெண்டு தடவை சொன்னேனே."