மேலங்கியா, நிலக்கரியா?

பெருமதிப்பிற்குரிய அக்கா புருல்கான் அவர்களுக்கு நாரினிலிருந்து தம்பி தெமிர்குல் எழுதுவது. இங்கே நானும் அய்னகுலும் பிள்ளைகளும் மாடு இரண்டும் சுகம். அங்கே அத்தான், பேரக்குழந்தைகள், அந்தக் கடிக்கிற குதிரை உட்பட எல்லாரும் சுகமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன்.

"பிள்ளைங்ககிட்ட வரவு செலவை எத்தனை நாளைக்குடா மறைப்ப? உட்கார வச்சுப் பேசு" என்று போனில் திட்டினீர்களே, பேசினேன். பதினைந்து வயசு பெகிமாய் புதுப் போன் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்த நேரம். சம்பளம் வருகிற வழியும் போகிற வழியும் சொன்னேன். போனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்ப்பா, நிலக்கரி வாங்கக் காசில்ல, வர்றவங்க தோள்ல போட மட்டும் மாசாமாசம் புது மேலங்கியா?" "மரியாதைடி!" என்றேன். "போன குளிர்ல எல்லாரும் ஒரே ரூம்ல நடுங்கினோமே, அதுவும் மரியாதையா?" என்றாள். அந்த மாதத்துப் பணப்பையை அவளிடமே கொடுத்துத் தொலைத்தேன்.

அடுத்த வாரமே பெரியவனின் மாமனார் வீட்டார் வந்து இறங்கினார்கள். சாப்பாட்டில் குறையில்லை, ஆனால் புறப்படும்போது பெகிமாய் கடைக்குப் போகாமல், ஏதோ விருந்தில் நமக்குப் போர்த்திப் பெட்டியில் கிடந்த நீல மேலங்கியை எடுத்துச் சம்பந்தியம்மா கனிஷாய் தோள்ல போட்டா பாருங்க, அந்தம்மா கைவிளிம்பைத் தடவிட்டு, "இந்தப் பூவேலை நான் போட்டதாச்சே! என் நாத்தனாருக்குக் குடுத்தது இங்க எப்படி வந்துச்சு?"ங்கறாங்க. எனக்கு உசுரே போச்சுக்கா, அய்னகுல் சமையல்கட்டுக்குள்ள ஓடிட்டா. இவ மட்டும் அசையாம, "அத்தை, இந்த மாசம் பணம் என் பொறுப்பு. புதுசு வாங்கினா நிலக்கரிக்கு இருக்காது, அதான்"னு சொல்லிட்டா. அப்புறம் அந்தம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "எங்க வீட்லயும் இன்னும் நிலக்கரி வாங்கலடி கண்ணு. அந்தக் காசுல உங்களுக்குப் போட வாங்கின மேலங்கிதான் கார்ல இருக்கு"ன்னாங்க! சம்பந்தி விழுந்து விழுந்து சிரிச்சாரு. இனிமே நமக்குள்ள மேலங்கியே வேண்டாம்னு அங்கயே முடிவாச்சு.

நேற்று நிலக்கரி வந்து இறங்கியது அக்கா. கொட்டகை நிறைந்து கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் திட்டாமல் இருந்திருந்தால் என் மகளை எனக்கே தெரியாமல் போயிருக்கும். இந்த நன்றியை வெறும் வாயால் சொல்லி முடிக்க மாட்டேன். உங்கள் அறுபதாம் வயது விருந்துக்குக் கொழுத்த ஆடு ஒன்றை என் கையால் பிடித்து வருவேன், இது சத்தியம். உங்கள் வீட்டு அடுப்பு என்றும் அணையாதிருக்கட்டும்.

அன்புத் தம்பி,
தெமிர்குல்

பி.கு.: கடிதத்தைப் பெகிமாய் படித்துவிட்டாள். ஆடு கிடையாதாம். அதற்குப் பதில் நாங்கள் எல்லாரும் முன்னதாகவே வந்து, விருந்து முடியும்வரை பாத்திரம் கழுவுகிறோமாம். அண்டாக்களை எனக்கு ஒதுக்கியிருக்கிறாள்.