பொதுத்தீர்வை நாளும் பக்கத்துக் கல்லறையும்

சாந்தோம்,
நவம்பர் 1949

அன்புள்ள மைத்துனன் லியோனார்டுக்கு,

அகஸ்டின் எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நானும் என் மூட்டுவலியும் சேமம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன், மூட்டுவலி நீங்கலாக.

நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டு கிடைத்தது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை என்கிறார்களாமே சீமைப் பண்டிதர்கள்! நட்சத்திரக் கூட்டங்கள் விலகி ஓட ஓட, காலியான இடத்தில் புது அணுக்கள் தோன்றிக்கொண்டே இருக்குமாம். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே கிழவனானவன் நான். அவர்கள் கணக்கோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் முடிவே இல்லையென்றால், செத்தவர்களெல்லாம் எழுந்து கணக்குக் கொடுக்கும் பொதுத்தீர்வை நாள் எப்போது வரும்? அன்றைக்கு எழுந்து வருவாள் என்று நம்பித்தானே உன் அக்காள் கிளாடிஸை மண்ணில் வைத்தேன்? தபால் தலை ஒட்டுமுன் இதை யோசித்தாயா?

கல்லறைத் திருநாளன்று காலை சுண்ணாம்பு வாளியோடு போனேன். வழியெல்லாம் இதே நினைப்பு. முடிவில்லாத காலத்தில் நடந்ததெல்லாம் மறுபடி நடக்குமோ, அவள் மறுபடி வந்து என் மூக்குப்பொடி டப்பாவை ஒளித்துவைப்பாளோ என்று யோசித்துக்கொண்டே வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, முழங்காலிட்டு, அழவும் அழுதுவிட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: “இன்னாங்க, எங்க வூட்டுக்காரருக்கு நீங்க எதுக்கு அழுவுறீங்க?”

நிமிர்ந்து பார்த்தால் சிலுவையில் வில்லியம் என்று எழுதியிருக்கிறது. உன் அக்காளோ பக்கத்துக் கல்லறையில் பாசி பிடித்துக் கிடக்கிறாள். கேட்டவள் வில்லியத்தின் மனைவி டோரதி அம்மாள். எனக்கு மானமே போய்விட்டது. பழியைப் பிரபஞ்சத்தின் மேல் போட்டு, பத்திரிகைத் துண்டு முழுவதையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அவருக்காக என்னைத் தவிர யாரும் அழுவுல. அழுதது அழுததாவே இருக்கட்டுங்க” என்று சொல்லிவிட்டு, தன் சுண்ணாம்பை எடுத்து உன் அக்காளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிட்டாள். “பாவம், இவங்களும் காத்துக்கினு கீறாங்க இல்ல?”

ஆகவே என் தீர்மானத்தைக் கேட்டுக்கொள். உலகத்துக்கு முடிவு உண்டு. அது சீக்கிரம் வரவேண்டும். இந்த வீட்டில் ஒரு நாற்காலி வருஷக்கணக்காகக் காலியாக இருக்கிறது. அதில் ஓர் அணுவும் புதிதாகத் தோன்றக் காணோம். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, லியோனார்ட். இனி இப்படிப்பட்ட துண்டுகளை அனுப்பாதே.

உன் மனைவி மக்களைத் தேவமாதா காப்பாளாக.

உன் அத்தான்,
அகஸ்டின்

பி.கு.: இதை ஒட்டப்போகும் நேரத்தில் டோரதி அம்மாள் வாசலில் வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் வீட்டில் வஞ்சிர மீன் குழம்பாம், அவசியம் வரவேண்டுமாம். வெட்கமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. உலகம் முடிவதைப் பற்றி மேலே எழுதியதில் அவசரம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.