பெயரில்லாத பொத்தான்

இந்த வருடம் கோஸ் கழுவுவதில்லை என்று தொக்சு தீர்மானித்துவிட்டான். வானம் இடிந்தாலும் சரி, மாமியார் இடித்தாலும் சரி.

நவம்பர் கடைசியில் குடும்பம் முழுவதும் கொரிய மலையூரான க்வேசானில் மாமியார் வீட்டில் கூடும். குளிர்காலத்துக்கு வேண்டிய கோஸ் ஊறுகாயான கிம்ச்சியை எல்லோரும் சேர்ந்து போட்டு முடிக்க வேண்டும். மச்சான் கோஸ் மூட்டைகளைச் சுமப்பான். சுமந்ததை ஊர் முழுக்கச் சொல்லவும் செய்வான். மச்சான் மனைவி மிளகாய் மசாலா கலப்பாள். அந்தப் பாத்திரத்தின் பக்கம் வேறு யாரும் போக முடியாது. மிச்சம் இரண்டு வேலை. ஒன்று, முற்றத்துக் குழாயடியில் உப்புப் போட்ட கோஸைக் கழுவுவது. அங்கே தண்ணீர் பனிக்கட்டியாகிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பன்றிக்கறி வேகவைப்பது. அது உள்ளே, சூடான அடுப்படியில். வெந்துவிட்டதா என்று அடிக்கடி ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்ப்பதும் அந்த வேலையைச் சேர்ந்தது.

கறி எப்போதும் தொக்சுவின் மனைவி ஹெரானுக்குப் போகும். குழாயடி தொக்சுவுக்கு. போன வருடம் விரல்கள் விறைத்துப்போய், சாப்பிடும் குச்சியைப் பிடிக்க முடியாமல், கறியைக் கரண்டியால் அள்ளித் தின்றான். எல்லோரும் பார்த்தார்கள். அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

இந்த முறை மாமியாரே போன் செய்தாள்.

“மாப்பிள்ளை, உங்க முனகலைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு. ஒரு வலைப்பக்கம் போடுங்க, வேலைக்கு ஒரு பொத்தான். யார் முதல்ல அமுக்குறாங்களோ, அந்த வேலை அவங்களுக்கு. பக்கத்தைப் போட்டவர் மட்டும் கடைசியில எடுக்கணும்.”

“அது ஏன் அத்தை?”

“உங்களைத் தெரியும் மாப்பிள்ளை.”

தொக்சுவுக்கு வலைப்பக்கம் புதிதல்ல. பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடிகிற மாதிரி இணையதளங்கள் இருக்கின்றனவா என்று சோதிக்கும் அலுவலகத்தில் வேலை. எத்தனையோ முதலாளிகளிடம் மேஜையைத் தட்டிச் சொல்லியிருக்கிறான்: “ஒவ்வொரு பொத்தானுக்கும் பேர் வையுங்க சார்! படத்தை மட்டும் ஒட்டிட்டா கண்ணு தெரியாதவங்க என்ன பண்ணுவாங்க?”

ஹெரானுக்குக் கண் தெரியாது. பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். திரையில் இருப்பதை அவளுடைய கைபேசி படித்துச் சொல்லும். பொத்தானுக்குப் பெயர் எழுதியிருந்தால் பெயரைச் சொல்லும். வெறும் படமாக இருந்தால் “பொத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

தொக்சு நான்கு பொத்தான்கள் செய்தான். சுமப்பதற்குப் பெயர் வைத்தான். மசாலாவுக்குப் பெயர் வைத்தான். குழாயடிக்கு ரொம்ப யோசித்து, ‘மலையைப் பார்த்தபடி, சுத்தமான காற்றில் கோஸ் கழுவுதல்’ என்று வைத்தான். நான்காவதில் ஆவி பறக்கும் சட்டியின் படத்தை ஒட்டினான். பெயர் வைக்கவில்லை. மேஜையைத் தட்டியது ஒரு கணம் ஞாபகம் வந்தது. கறியை நினைத்துக்கொண்டான். மேஜை மறந்துபோனது.

மச்சானும் அவன் மனைவியும் வழக்கமான வேலைகளை எடுத்துக்கொண்டார்கள். அடுத்து ஹெரான் சோபாவில் சாய்ந்து கைபேசியைக் காதருகே வைத்தாள். கடுகு பொரிகிற வேகத்தில் அது பேசும். அவளுக்குப் புரியும். தொக்சுவுக்கு இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை பிடிபட்டதில்லை. அவன் ஆரஞ்சு உரித்தபடி அவள் முகத்தையே பார்த்தான்.

“எடுத்துட்டியாம்மா?”

“எடுத்துட்டேங்க.”

“மலை... நல்லா இருக்கும்.”

“ஆமா, பார்த்துட்டு வந்து சொல்லுங்க.”

தொக்சு பாய்ந்து பக்கத்தைத் திறந்தான். சட்டிக்குக் கீழே ஹெரானின் பெயர் இருந்தது.

“இது... இது என்ன வேலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“போன் சொல்லலைங்க.”

“அப்புறம் எப்படி அமுக்கினே?”

“பொத்தானுக்குப் பேர் வைக்கணும், பேர் வைக்கணும்னு தூக்கத்துலகூட புலம்புற ஆளு நீங்க. ஒண்ணுக்கு மட்டும் பேர் இல்லைன்னா அது மறதியா?”

“மறதிதான்!”

“கழுவுறதுக்குக் காத்து, மலை எல்லாம் போட்டீங்களே. அது ஞாபகம் இருந்துதாக்கும்.”

“ஏதாவது மோசமான வேலையா இருந்திருந்தா?”

“மோசமானதை நீங்க எதுக்குங்க என்கிட்டேருந்து ஒளிக்கப் போறீங்க?”

தொக்சு ஆரஞ்சுத் தோலைத் தின்றான். பிறகு துப்பினான்.

“பேரில்லாத பொத்தான் எனக்கு என்ன புதுசா?” என்றாள் ஹெரான். “பாதி கடைகளோட இணையதளம் அப்படித்தான் இருக்கு. ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்துத்தான் சட்டை வாங்குறேன், செருப்பு வாங்குறேன். நீங்க ஒரு சட்டியை ஒளிக்கப் பார்க்கறீங்க.”

“பக்கம் என்னோடது. அழிச்சிட்டு மறுபடி முதல்லேருந்து வைப்பேன்.”

“வைங்க. உங்க ஆபீஸ்ல புகார் சொல்ல ஒரு பக்கம் இருக்குல்ல? ரொம்ப அருமையா இருக்குங்க. எல்லாப் பொத்தானுக்கும் பேர் வச்சிருக்கீங்க.”

தொக்சு அழிக்கவில்லை. அவள் முன்னாலேயே, நான்காவது பொத்தானுக்குப் பெயர் எழுதினான். அவள் கைபேசியை ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, “இப்பத்தான் சரியா இருக்கு” என்றாள்.

சனிக்கிழமை க்வேசானில் பனி தூறியது. மலை தெரியவே இல்லை. தொக்சு சிவப்பு ரப்பர் கையுறைகளோடு குழாயடியில் குந்தியிருந்தான். அடுப்படிக் கதவு திறந்தது. கறி வாசனை முதலில் வந்தது. பின்னாலேயே, சுவரைத் தொட்டபடி ஹெரான் வந்தாள்.

“எங்க இருக்கீங்க?”

“இங்க.” பல் தந்தியடித்தது.

அவள் குனிந்து, அவன் கன்னத்தைத் தடவி வாயைக் கண்டுபிடித்து, சூடான ஒரு துண்டை உள்ளே வைத்தாள். தொக்சு கண்ணை மூடிக்கொண்டான். இத்தனை பெரிய மனசுள்ள மனைவியை ஏமாற்றப் பார்த்தோமே என்று இருந்தது.

“வெந்துடுச்சாங்க?”

“பஞ்சு மாதிரி வெந்திருக்கும்மா!”

“சரி, அப்ப இனிமே துண்டு தந்து உங்களைக் கேட்க வேண்டியதில்லை” என்று உள்ளே போய், குளிர் வராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.