பேராசிரியர் வராத பன்றிக் கொட்டில்

பல்கலைக்கழகத்தின் பன்றி வளர்ப்புத் துறையில் வேலை மூன்று வகைப்படும்: கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம். விரிவாக்கம் என்றால் பண்ணைக்காரர்களைத் தேடிப் போய் யோசனை சொல்வது. இந்த மூன்றில் எதிலும் அடங்காத வேலையை ஓர் ஆசிரியர் செய்துவிட்டால், அது நடக்கவே இல்லை என்று கொள்ள வேண்டும். இது விதி. விதியை யார் எழுதினார்கள் என்று விசாரிப்பதும் அந்த மூன்றில் அடங்காததால், இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

அந்தத் துறையின் துணைப் பேராசிரியர் பதினோரு வருடமாகத் துணைப் பேராசிரியர். பன்றியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. பதவி உயர்வைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. ஒரு சனிக்கிழமை, ஊருக்கு வெளியே சின்னதாகப் பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண் அவருக்குப் போன் செய்தாள். தாய்ப் பன்றி பன்னிரண்டு குட்டி போட்டது, இரண்டே நாளில் மூன்று போய்விட்டது, மிச்சமும் நடுங்குகிறது, ஒரு தடவை வந்து பாருங்கள் சார் என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது.

துறைத் தலைவரிடம் ஓடினார். தலைவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, இந்தப் பருவத்து விரிவாக்கப் பயணமெல்லாம் 'பன்றியோடு புன்னகைப்போம்' விழாவோடு தீர்ந்துபோயிற்று, நாமெல்லாம் பச்சைத் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டோமே, மறந்துவிட்டதா என்று கேட்டார். ஆராய்ச்சி என்று போகலாமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அதற்கு ஆறு மாதம். கற்பித்தல் என்று போகலாமென்றால் அந்தப் பெண்ணுக்கு எழுபத்தைந்து விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும். துணைப் பேராசிரியர் கையைப் பிசைந்துகொண்டே வெளியே வந்தார்.

மறுநாள் ஞாயிறு. மனசு கேட்கவில்லை. போறதுன்னா போங்க, ஆனா நல்ல சட்டையைப் போட்டுக்கிட்டுப் போகாதீங்க என்றாள் மனைவி. பஸ் பிடித்துப் போனார். கொட்டிலில் கால் வைத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. பின்பக்கம் ஒரு பலகை பெயர்ந்து குளிர்காற்று நேரே குட்டிகள் மேல் அடித்தது. குளிர் தாங்காமல் அவை தாயோடு ஒட்டிக்கொள்ள, தாய் புரண்டு படுக்கும்போது நசுங்கின. இரண்டு சாக்கை மடித்து வைத்து ஆணி அடித்தார். மூலையில் ஒரு பல்பைத் தொங்கவிட்டார். ஒன்பது குட்டியும் அதன் கீழே போய்க் குவிந்து தூங்கின. நல்லா இருப்பீங்க சார் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பதினோரு வருடத்தில் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

திங்கட்கிழமை தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"நேத்து அங்க போனீங்களா?"

"போனேன் சார்."

"எந்த வகையில?"

"எந்த வகையிலயும் இல்ல சார்."

"அப்ப நீங்க போகல. போகலன்னு இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

அவருடைய பதவி உயர்வுக் கோப்பும் அதே மேஜையில்தான் கிடந்தது. போட்டார்.

இதில் ஒரு சிக்கல் எழுந்தது. யாருமே போகவில்லை என்றால் குட்டிகள் எப்படிப் பிழைத்தன? ஆராய்ச்சி இயக்குநர் இதைக் கேட்டதும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அந்த வருடம் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் 'தன்னெழுச்சி' என்ற சொல்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. 'பன்றிக் குட்டிகளின் தன்னெழுச்சிப் பிழைப்பாற்றல்' என்று ஒரு திட்டம் தயாரானது. அந்த வருட ஆராய்ச்சி விருதுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கியிருந்ததால், ஆறு மாதத்து அனுமதி அன்று மாலையே வந்து சேர்ந்தது. முதல் கட்டமாக, எவரோ இனந்தெரியாத நபர் அடித்துவிட்டுப் போன சாக்கை அகற்ற வேண்டும். அகற்றிவிட்டு, குட்டிகள் தாமாகவே பிழைக்கின்றனவா என்று உற்றுநோக்க வேண்டும். முதன்மை ஆய்வாளர் நம் துணைப் பேராசிரியர்தான். செய்தால் பதவி உயர்வு, மறுத்தால் இருக்கவே இருக்கிறது பழைய நாற்காலி.

செவ்வாய்க்கிழமை பல்கலைக்கழக ஜீப்பில் போய் இறங்கினார். விஷயத்தைச் சொன்னார்.

"சாக்கை எடுக்கணுமா? நீங்கதானே சார் ஆணி அடிச்சீங்க?"

"நான் அன்னைக்கு வரலம்மா." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவள் கதவில் கை வைத்தாள். "சரி சார். அப்ப இன்னைக்கும் நீங்க வரல." கதவைச் சாத்திவிட்டாள்.

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஆனால் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? ஜீப்பில் உட்கார்ந்தபடியே அறிக்கை எழுதினார். சாக்கு அகற்றப்பட்டது, மூன்று குட்டிகள் இறந்தன, எஞ்சிய ஆறும் தன்னெழுச்சியாகப் பிழைத்தன. காகிதத்தில் செத்தால் குட்டிக்கு வலிக்கவா போகிறது? கருத்தரங்கில் அந்த மூன்று குட்டிகளுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். இரண்டு மாதத்தில் அவர் இணைப் பேராசிரியர் ஆனார்.

அதே மாதம் அந்தப் பக்கமெல்லாம் பன்றிக் காய்ச்சல் பரவியது. பருவம் புதிது என்பதால் விரிவாக்கத்துக்கு நிறைய இடமிருந்தது. பதிவேட்டின்படி உயிரோடிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குப்பி தடுப்பு மருந்து என்று உத்தரவானது. கூடுதலாகக் கேட்பவர்கள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இணைப் பேராசிரியர் இரண்டு முறை பேனாவைத் திறந்தார், இரண்டு முறையும் மூடிவிட்டார்.

இந்தத் தடவை அவள் கதவைத் திறந்தாள். பக்கத்துப் பண்ணையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாய்க்கு ஒன்று, குட்டிகளுக்கு ஆறு என்று அவர் குப்பிகளை எடுத்து வைத்தார். கொட்டிலுக்குள் ஒன்பதும் கொழுகொழுவென்று முட்டி மோதிக்கொண்டிருந்தன.

"மூணு குறையுதே சார்."

அவர் விளக்கினார். அறிக்கை, பதிவேடு, விதி, உத்தரவு, ஒன்று விடாமல் விளக்கினார். அவள் கொட்டில் கதவை அகலத் திறந்தாள். பிறகு நகர்ந்து அவருக்கு வழிவிட்டாள்.

"உள்ள போங்க சார். எந்த மூணு செத்துப்போச்சுன்னு நீங்களே காட்டிடுங்க."