நாற்பது பங்கு முதலாளி

பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவன் புத்தகங்களைப் பற்றி எழுத வந்ததை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் பங்குச் சந்தைப் புத்தகங்களைப் பற்றி. சூலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடமாக மற்றவர்கள் எழுதியதைப் பிரதி எடுத்தவன், சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அங்கங்கே மங்கலாக இருந்தால் தொழில் பழக்கம் என்று விட்டுவிடுங்கள்.

என் படிப்பு ஒரு வாடிக்கையாளரின் மறதியால் வந்தது. முதல் ஐம்பது பக்கம் பிரதி எடுக்கச் சொல்லி ஒருவர் தடிமனான பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வரவே இல்லை. ஆறு மாதம் காத்திருந்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். யாரோ வெளிநாட்டுக்காரர் எப்போதோ எழுதியது, தமிழில் மாற்றியிருந்தார்கள். எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இதுதான்: பங்கு என்பது சீட்டாட்டச் சீட்டு இல்லை, ஒரு தொழிலில் ஒரு துண்டு. அந்தத் தொழில் உண்மையில் என்ன பெறும் என்று கணக்குப் போட வேண்டும். அதைவிட ரொம்ப மலிவாகக் கிடைத்தால் மட்டும் வாங்க வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும்.

கடைசிப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. சும்மா இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

மைத்துனன் செந்திலுக்கு இதெல்லாம் ஆகாது. செல்போனிலேயே காலையில் வாங்கி மத்தியானம் விற்கிறவன்.

"மாமா, அந்தப் புஸ்தகம் எழுதுனப்ப கம்ப்யூட்டரே கெடையாதுங்க. இப்பப் போயி அதைப் படிச்சுட்டு உக்காந்திருக்கீங்க!"

"தராசு மாறிப்போச்சுன்னா எடைக்கல்லு மாறிப்போகுமா?" என்றேன். (நல்ல பதில்தான். அவன் கிளம்பிப் போய் அரை மணி நேரம் கழித்துத் தோன்றியது. அதனால் சுவரிடம் சொன்னேன்.)

புத்தகத்தில் சொன்ன மாதிரியே ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்தேன். கருமத்தம்பட்டிக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு நூல் மில். மில்லின் மொத்தப் பங்குகளையும் வாங்க ஆகும் பணத்தைவிட, அது நிற்கிற நிலம் மட்டுமே அதிகம் பெறும். ஆண்டறிக்கையைக் கடையிலேயே பிரிண்ட் எடுத்து, முன்பக்கங்களில் இருந்த படங்களையெல்லாம் நன்றாகப் பார்த்துவிட்டு, நாற்பது பங்கு வாங்கினேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். என் மனைவி சரோஜாவிடம் சீட்டு எடுத்த பணம் இருந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்து ரவிக்கை தைப்பவள், மெயின் ரோட்டில் ஒரு சின்னக் கடை பிடித்து இரண்டு மோட்டார் மெஷின் போட வேண்டும் என்று இரண்டு வருடம் கட்டிய சீட்டு. அந்தப் பணத்தை மில்லில் போட்டால் மூன்று மெஷின் போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்ல ஆரம்பித்தேன்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "அந்த மில்லை நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லை. கணக்குப் பாத்தேன்."

"பொண்ணு பாக்காம ஜாதகத்தை மட்டும் பாத்துட்டுத் தாலி கட்டுவாங்களாக்கு? பக்கத்துலதானுங்க இருக்குது. ஒருக்கா நேர்ல போயிப் பாத்துப்போட்டு வாங்க. நல்லாருக்குதுன்னு நீங்க சொன்னீங்கன்னா பணத்தைக் குடுத்தர்றேன்."

இதைப் புத்தகமும் சொல்லியிருந்தது. நான்தான் அந்த அத்தியாயத்தை வேகமாகத் தாண்டியிருந்தேன்.

மறு வாரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினேன். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே பங்குக் கணக்கின் நகல், ஆதார் அட்டை. யாராவது கேட்டால் 'நான் இந்தக் கம்பெனியின் பங்குதாரர், சுற்றிப் பார்க்க வந்தேன்' என்று சொல்லப் பஸ்ஸில் பதினைந்து தடவை ஒத்திகை பார்த்தேன். பதினைந்து தடவையும் பிரமாதமாக வந்தது.

கேட்டில் நின்ற செக்யூரிட்டி என்னைவிடப் பெரியவர். எழுந்து நின்று, "வாங்கண்ணா, வேலைக்குங்களா?" என்றார்.

இங்கேதான் என் வாழ்க்கையின் பெரிய பிழை நடந்தது. வயதில் மூத்த மனிதர் எழுந்து நின்று 'வாங்கண்ணா' என்கிறார். அவரிடம் போய் 'இல்லை, நான் முதலாளி' என்று எப்படிச் சொல்வது? நாற்பது பங்கை வைத்துக்கொண்டு? எங்கள் பக்கத்தில் மரியாதையாகக் கேட்ட கேள்விக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. எனக்கு மரியாதை இல்லாமல் கேட்டாலும் வராது.

"ஆமாங்க," என்றேன்.

ஆதாரை வாங்கி, பெயரையும் வீட்டு விலாசத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டார். ஐந்தே நிமிடத்தில் சூப்பர்வைசர் ஓடி வந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னைக்கு நாலு ஆளு லீவு" என்று தலைக்குத் தொப்பியும் முகத்துக்கு மாஸ்க்கும் கொடுத்து, நூல் சுற்றிய கோன்களை மூட்டையில் அடுக்கும் இடத்தில் நிறுத்திவிட்டார். என் கம்பெனிக்குள் நான் நுழைந்தது இப்படித்தான்.

பச்சை நுனிக் கோன் ஒரு ரக நூல், சிவப்பு நுனி வேறு ரகம். கலக்கக் கூடாது. இதை எனக்குச் சொன்னார்கள். நானோ, மூலையில் பாலித்தீன் போர்த்தி ஓடாமல் நின்ற மெஷின்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முதலீட்டாளர் அல்லவா? பதினொன்று எண்ணி முடித்தபோது மூன்று மூட்டைகளில் பச்சையும் சிவப்பும் தீபாவளிப் பலகாரத் தட்டு மாதிரி கலந்து கிடந்தன.

சூப்பர்வைசர் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஏனுங்கண்ணா, இது துணியாகி ஊரு போயிச் சேந்தா மொத்தமும் திரும்பி வந்துருமுங்க! இப்பிடி வேலை செஞ்சா மொதலாளி எப்பிடிங்க பொழைப்பாரு?"

அந்த முதலாளியில் ஒரு துளி எதிரில்தான் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது. தலையைக் குனிந்து, என் நஷ்டத்தை நானே ஒவ்வொரு கோனாகப் பிரித்து அடுக்கினேன்.

பக்கத்தில் வேலை செய்த மரகதம் அக்கா உதவிக்கு வந்தார். டீ நேரத்தில் அவரிடம் மட்டும் மனம் தாளாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அக்கா, நான் வேலைக்கு வரலீங்க. இந்த மில்லுல எனக்கும் பங்கு இருக்குதுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பிடிங்களா? அப்ப அந்தப் பொம்பளைங்க பாத்ரூம் கொழாயை மொதல்ல மாத்திக் குடுங்க. மூணு மாசமா ஒழுகுது."

சிரித்து முடித்த பிறகு, எதற்கு வாங்கினேன் என்று கேட்டார். நிலத்துக்காக என்றேன். அவர் சிரிப்பு போய்விட்டது.

"நெலமுங்களா? அது பங்காளிக கேஸுல கெடக்குதுங்க. மொதலாளி ஊட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேசறதே இல்லை. ஒரு செண்டு விக்க முடியாது. இது கருமத்தம்பட்டியில காக்காய்க்குக்கூடத் தெரியுமுங்களே."

மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் செந்திலைக் கூப்பிட்டு ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களைப் படிக்கச் சொன்னேன். ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், அந்த வழக்கு அங்கேயே இருந்தது. கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று புத்தகத்தில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். நான்தான் 'மலிவாக வாங்கு' என்பதையும் 'சும்மா இரு' என்பதையும் எடுத்துக்கொண்டு, நடுவில் இருந்த உழைப்பை விட்டுவிட்டேன்.

அதனால் இந்த மாதிரிப் பழைய புத்தகங்களைப் படிக்கலாமா என்று யாராவது கேட்டால் இப்போது இப்படித்தான் சொல்கிறேன். அந்தப் புத்தகங்களில் உள்ள கணக்குகள் பழசாகிவிட்டன. மலிவான கம்பெனிகளை இன்று செல்போனே ஒரு நொடியில் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. அப்படியும் ஒன்று மலிவாகவே கிடந்தால், ஏன் இன்னும் கிடக்கிறது என்று ஒருவர் போய்க் கேட்டாக வேண்டும். நீ தப்பாக இருக்கலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் புத்தகம் எந்தக் காலத்திலும் எனக்கு வேண்டியிருக்கிறது. செல்போன் ஒரு நாளும் அப்படிச் சொல்வதில்லை.

சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சீட்டுப் பணம் தப்பியது. அன்று முதல் வீட்டில் என் பெயர் முதலாளி. "மொதலாளி, குப்பை வண்டி வந்துருச்சுங்க, கொண்டுபோய்ப் போடுங்க" என்பது இன்றும் தினசரி உத்தரவு. செந்தில் ஒவ்வொரு தீபாவளிக்கும் போனஸ் கேட்கிறான்.

நான் மில்லுக்குப் போய் வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு மில் வேன் எங்கள் வாசலில் வந்து நின்று ஹார்ன் அடித்தது. முன்சீட்டில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். "அவருக்கு ஒடம்பு சரியில்லீங்க" என்று சரோஜா போய்ச் சொன்னாள். வேன் போய்விட்டது. ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தேன்.