அலங்காரத் துணி

முதல் சொட்டு குமாஸ்தாவின் தேநீரில் விழுந்தது. இரண்டாவது, அண்ணாந்து பார்த்த அவருடைய மூக்குக்கண்ணாடியில்.

"என்னங்க, ஒழுகுதா?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"சேச்சே! உன் தம்பி போட்ட கூரை ஒழுகுமா?"

புதுத் தகரக் கூரை. மச்சானின் முதல் வேலை. இதுவரைக்கும் ஒரே வேலை. அவன் விரும்பிய பெண்ணின் அப்பா பெரிய கூரை மேஸ்திரி. "முதல்ல நீ போட்ட கூரையைக் காட்டு, அப்புறம் பொண்ணு கேளு" என்று சொல்லிவிட்டார். இன்று பார்க்க வருகிறார், மனைவியோடு. மழை அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது.

கல்யாணம் நடந்தால் மச்சான் தனிக்குடித்தனம் போவான். நடக்காவிட்டால் இதே ஹால் சோபாவில்தான் கிடப்பான். அதனால் மாப்பிள்ளையைவிடக் குமாஸ்தாவுக்குத்தான் இந்தக் கல்யாணத்தில் அக்கறை.

வாளியை வைத்தார். டொக் டொக் என்று ஊருக்கே கேட்டது. மனைவியின் புதுத் துண்டை வாளிக்குள் திணித்தார். சத்தம் அடங்கியது. உள்ளேயிருந்து மனைவியின் சத்தம் தொடங்கியது.

மச்சான் ஏணியோடு வந்தான். "ஒரே ஒரு ஸ்க்ரூதான் மாமா லூசு. முறுக்கினா முடிஞ்சது."

ஏறி முறுக்கினான். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகியது.

"எப்படி இருக்கு மாமா?" மேலிருந்து குரல் கொடுத்தான்.

"வளர்ச்சி தெரியுது. தயவுசெஞ்சு இறங்கு."

இறங்கியதும் கேட்டார். "தகரத்தை எங்கேர்ந்துடா போட ஆரம்பிச்ச?"

"உச்சியிலேர்ந்து. கஷ்டமான வேலையை முதல்ல முடின்னு நீங்கதானே மாமா சொல்வீங்க?"

"அது ஆபீஸ் ஃபைலுக்குடா!"

கடைசியில் ஒரு பெட்ஷீட்டை எடுத்து, நான்கு மூலையிலும் கயிறு கட்டி, சோபாவுக்கு மேலே தொங்கவிட்டார்கள்.

"கேட்டா?"

"அலங்காரம்னு சொல்லு."

கதவு தட்டப்பட்டது. மேஸ்திரி மார்பை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார். பின்னால் அவர் மனைவி, கையில் நனைந்த குடை. அந்த அம்மாள் ஒரு முறை மேலே பார்த்தாள். ஒரு முறை தரையைப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்து அலமாரி ஓரமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சோபாவுல வசதியா உக்காருங்கம்மா" என்றாள் குமாஸ்தாவின் மனைவி.

"இதான் வசதி."

சோபா மேஸ்திரிக்கு வாய்த்தது. "தொழில்னா சுத்தம் வேணும் சார். நான் போட்ட கூரைக்குக் கீழே ஒருத்தர் குடை பிடிச்சிருப்பாங்களா? கேட்டுப் பாருங்க." அண்ணாந்தார். "இதென்ன துணி?"

"அலங்காரம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அலங்காரத்துக்கு ஏன் சார் தொப்பை போட்டிருக்கு?"

பதிலுக்கு முடிச்சு அவிழ்ந்தது. பெட்ஷீட்டில் சேர்ந்திருந்த மழை மொத்தமும் மேஸ்திரியின் தலையில் இறங்கியது.

அவர் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. நின்று, கூரையைப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கொட்டினார்.

"ஸ்க்ரூவைத் தகரத்தோட மேட்டுல போடணும். இவன் பள்ளத்துல போட்டிருக்கான். தண்ணி ஓடுற வழியே அதான்! ரப்பர் வாஷர் ஒண்ணுகூட இல்ல. மேல் தகரம் கீழ்த் தகரத்து மேல படியணும். இங்க கீழ இருக்கிறது மேல ஏறி உக்காந்திருக்கு. மழையைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்திருக்கான் சார்! எவன்டா உனக்கு யோசனை சொன்னது?"

மச்சான் குமாஸ்தாவைப் பார்த்தான். குமாஸ்தா வாளியைப் பார்த்தார்.

"இவனுக்கா என் பொண்ணு? எழுந்திருடி, போகலாம்!"

அந்த அம்மாள் அசையவில்லை. சோபா நனைந்திருந்தது, தரை நனைந்திருந்தது, எல்லாருடைய தலையும் நனைந்திருந்தது. அவள்மேல் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

"பையன் நல்ல பையன். மழை விட்டதும் கல்யாணத்தை வெச்சுக்கலாம்" என்றாள்.

"இந்தக் கூரையைப் பார்த்துமா?" மேஸ்திரி அலறினார்.

அவள் குமாஸ்தாவின் மனைவி பக்கம் திரும்பினாள். "எந்த வீட்டுக்குப் போனாலும் ஒழுகாத இடமாப் பார்த்து உக்கார்றது எனக்குப் பழகிப்போச்சும்மா. எங்க வீட்டுக் கூரையை இவரேதான் போட்டார்."