முனிராஜ் லெவல் பார்த்த கதை

ஓவர்சியர் பரீட்சையில் இரண்டு முறை கோட்டை விட்ட ரோடு மேஸ்திரி முனிராஜ், முப்பத்தெட்டாம் வருசம் ஒரு பயங்கரமான முடிவுக்கு வந்தான். தான் தோற்றதற்குக் காரணம் பெண்டாட்டி தீர்த்தம்மாள். அவள் ஒன்றும் செய்யவில்லை, பாவம். வீட்டுக்குள் நடமாடினாள், அவ்வளவுதான். இவனுக்குப் புத்தகத்தில் கண் நிற்கவில்லை.

"தீர்த்தம், பரீட்சைக்கு இன்னும் மூணு மாசம். இதுதான் கடைசி வாய்ப்பு. வுட்டா, சாகற வரைக்கும் ரோட்டுல ஜல்லி கொட்ட வேண்டியதுதான். நீ உங்காத்தா வூட்டுக்குப் போயிரு."

"போறேன். நீங்க பின்னாலயே வந்து நிப்பீங்களே?"

"நானா? பரீட்சை முடியற வரைக்கும் உன் மூஞ்சியைப் பாத்தா என்னன்னு கேளு!"

"பாத்தீங்கன்னா, ரிசல்ட்டு வந்தப்புறம்தான் வருவேன். சரிங்களா?"

"சரி!" என்றான் வீரமாக. ரிசல்ட் வர ஆறு மாதம் ஆகும் என்பது, அவள் பெட்டியோடு தெருமுனை திரும்பிய பிறகுதான் உறைத்தது.

ஆத்தா வீடு ஒன்றும் சீமையில் இல்லை. இவன் குடியிருந்த கடத்தூருக்குப் பக்கத்திலேயே, ஏரிக்கு அந்தக் கரை. ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே! வீடு வெறிச்சென்று கிடந்தது. அவள் விட்டுப்போன பழைய சேலையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். களி கிண்டினால் கட்டி கட்டியாக வந்தது. கட்டியைக்கூடத் தின்றுவிடலாம், தனியாகத் தின்ன முடியவில்லை. அய்யோ, என்ன ஏக்கம் சாமி அது!

பதினோராம் நாள் மூளை வேலை செய்தது. ஆபீசில் கெஞ்சி, தூரத்து மேடுபள்ளத்தைக் குழாய்க்கண்ணாடி வழியே பார்த்து அளக்கும் லெவல் மிஷினை வாங்கினான். ஓவர்சியர் ஆவதற்கு முன்பே வாங்கி வைத்த தொப்பியை மாட்டிக்கொண்டான். ஏரிக்கரையில் மிஷினை ஊன்றினான். பரீட்சைக்கு அளந்து பழகுகிறானாம்! கட்டம் போட்ட அளவுகோலைப் பிடிக்கக் கூலியாள் மாதுவை எதிர்க்கரையில் நிறுத்தினான். சரியாக மாமனார் வாசலில்.

போகும் முன் மாது ஆசைப்பட்டு மிஷினுக்குள் எட்டிப் பார்த்தான்.

"அடேங்கப்பா! தீர்த்தக்கா தலைகீழா நிக்கறாங்க!"

"இதுல எல்லாமே அப்பிடித்தான்யா தெரியும். வெளிய சொல்லிராத."

"மூச்சு வுட மாட்டேங்க."

தலைகீழாகத் தெரிந்தால் என்ன? காலை எட்டு மணிக்குத் தீர்த்தம்மாள் வாசல் பெருக்கினாள். இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் புளி காயவைத்தாள். அதற்கு மறுநாள் தலை உலர்த்தினாள். நேரில் போகவில்லையே, அப்புறம் எப்படிச் சொல் தவறியதாகும் என்று தனக்குத்தானே வக்கீலாக வாதாடிக்கொண்டான். ஒரு மாதம் ஓடியது. நோட்டில் ஒரு அளவுகூட ஏறவில்லை.

ஒருநாள் காலை அவள் ஒரு முறத்தோடு வந்தாள். சாணி மெழுகிய முறம். அதில் சுண்ணாம்பால் பெரிய பெரிய எழுத்து. அவள் தலைகீழாகத்தான் நின்றாள். எழுத்து மட்டும் நேராக நின்றது.

"தொப்பியைக் கழட்டுங்க."

பெண்டாட்டி சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத மனுசன். சட்டென்று கழட்டிவிட்டான். அப்புறம்தான் திக்கென்றது. அதற்குள் இரண்டாவது முறம் எழும்பியது.

"பாத்துட்டீங்க. தோத்துட்டீங்க."

அரை மணியில் மாது தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தான்.

"களிங்க. அக்கா குடுத்தாங்க. இளைச்சுட்டீங்களாம்."

"அவளுக்கு எப்பிடிய்யா தெரிஞ்சது?"

"மொத நாளே நான் சொல்லிட்டேங்க. இல்லாட்டி, பெருக்கின வாசலையே தினம் எட்டு மணிக்கு எதுக்குப் பெருக்கறாங்க? அவங்களுக்கும் உங்களைப் பாக்கணும்னு இருந்ததுங்க."

முனிராஜ் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டான். "அப்பறம் இன்னைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"நீங்க படிக்கவே இல்லையாம். ஓவர்சியர் பெண்டாட்டியா வரணும்னு அக்காவுக்கும் ஆசை இருக்காதுங்களா? இனி கொல்லைப்பக்கமாத்தான் பொழங்குவாங்களாம்."

முனிராஜ் தூக்குச்சட்டியைத் திறந்தான். களியைத் தின்றான். கையைக் கழுவினான். மெல்ல மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு, கரையைச் சுற்றிக் கொல்லைப்பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.

"போவாதீங்க மேஸ்திரி," என்றான் மாது. "அங்க நேத்தே வைக்கப்போரு போட்டுட்டாங்க."